அறுத்த வயலில் மேய்ந்த கறி: டெல்டாவில் அளவாகக் கறி சாப்பிடத் தொடங்குபவர்களுக்கு

“கறியைக் குறைக்கணும், ஆனா அடியோட விட முடியாது” என்று சொல்பவர்களுக்காக எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர் என்றால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரிதான். வாரத்தில் பெரும்பாலான வேளை சோறு, பயறு, கீரை, காய். எப்போதாவது ஒழுங்காக வளர்ந்த ஆடோ கோழியோ மீனோ. எங்கள் அப்பாயி காலத்தில் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் சாப்பிட்டார்கள். காசு இல்லாததால் அப்படிச் சாப்பிட்டார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சாப்பாட்டில் ஒரு கணக்கு இருந்தது.

“அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு” என்பார்களே, அந்தக் கணக்குதான். நெல்லின் அடிக்கட்டை மண்ணுக்கு, நடுவில் இருக்கும் வைக்கோல் மாட்டுக்கு, நுனியில் இருக்கும் மணி நமக்கு. நாம் தின்ன முடியாததைத் தின்று வளர்ந்த பிராணி நம் தட்டோடு போட்டிக்கு வரவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் தின்று வளர்ந்தது வருகிறது. அதனால் கறி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது என்ன தின்று வளர்ந்தது? நாட்டுக்கோழியா, பிராய்லரா, ஆர்கானிக்கா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல், வீட்டில் ஒரு வாரம் எத்தனை வேளை கவுச்சி சமைக்கிறீர்கள், எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். வெளியில் சாப்பிட்டதும் சேர வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைத்தான் பெரிய செலவு என்று நினைத்திருந்தோம். எழுதிப் பார்த்தால் சாயங்காலம் பசங்க வாங்கிவந்த சிக்கன் ரைஸும் சிக்ஸ்டி ஃபைவும்தான் அதிகம். யாரும் ரசித்துச் சாப்பிடாத கறி அது. குறைப்பதை அங்கிருந்து தொடங்கினோம், யாருக்கும் வலிக்கவில்லை.

அளவுக்கு ஒரு எல்லைக்கல் வேண்டுமென்றால், உணவும் பூமியும் பற்றி ஆராய்ந்த பல நாட்டு அறிவியலாளர்களின் ஈட்-லான்செட் ஆணையம் 2019இல் சொன்னது இருக்கிறது. உடம்புக்கும் பூமிக்கும் தாங்கும் அளவாக, ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஆடு மாட்டுக்கறி, 200 கிராம் கோழி, 200 கிராம் மீன். நாலு பேர் வீட்டுக்கு வாரம் 400 கிராம் ஆட்டுக்கறி என்று வருகிறது. இதை நிரப்பியே ஆக வேண்டிய கோட்டாவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தட்டை நிரப்பிவிட்டுக் கறியைக் குறையுங்கள்

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரசமும் அப்பளமும் வைத்தால் பத்தே நாளில் வீட்டில் கலகம் வரும். வரத்தான் வேண்டும். அந்த இடத்துக்குப் பயறு வர வேண்டும்.

பயறுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்திலும் தைப்பனியிலுமே அது வந்துவிடும். வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும். உரமும் தண்ணீரும் இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு புரதம் தரும் பயிர் நம் வயலில் வேறில்லை. பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்போதே தெரிந்த விவசாயியிடம் வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, நாலு வெயில் காயவைத்து, டின்னில் கொட்டி வைத்துவிடுங்கள்.

புரதம் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம். சோறு, இட்லி என்று 300 கிராம் அரிசி உள்ளே போனால் அதிலேயே 20 கிராம் தேறும். 75 கிராம் பயறு, பருப்பில் 17 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கிண்ணம் தயிரில் 6. கணக்கு முடிந்தது. ஆனால் 75 கிராம் பயறு என்பது சாம்பாரில் மிதக்கும் பருப்பு இல்லை. காலையில் பச்சைப்பயறு சுண்டல், மத்தியானம் கெட்டிப் பருப்பு அல்லது மொச்சைக் குழம்பு, வாரம் ஒரு நாள் உளுந்தங்களி என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாப்பிட வேண்டும்.

கறியின் கடிபாட்டைத் தேடுகிறவர்களுக்குப் பலாக்காய், வாழைப்பூ, சிப்பிக் காளான். சிப்பிக் காளான் வைக்கோலிலேயே வளர்கிறது. நடு மாட்டுக்குப் போனது போக மிச்சமிருந்தால் காளானுக்கு.

கறிநாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம், தவக்காலம் என்று கவுச்சி சமைக்காத நாட்கள் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. மீதி நாட்களில் வாரத்துக்கு ஒன்றைக் கறிநாளாக வையுங்கள். ஒரு நாள் சிறுமீன், இரண்டு நாள் முட்டை. இவ்வளவுதான்.

கோழி: பெயரை நம்பாதீர்கள்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் நாட்டுக்கோழி என்று சொன்னதை நம்பி, பிராய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்கிவந்தேன். குக்கரில் மூணு விசிலில் பஞ்சாகிவிட்டது. அம்மா எலும்பை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். அதன் பிறகுதான் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கூண்டில் இருக்கும் நாற்பது கோழியும் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே நிறம் என்றால் அது பண்ணையில் ஒன்றாகப் பொரித்து ஒன்றாகத் தீவனம் போட்டு வளர்த்தது. அலகின் நுனி வெட்டுப்பட்டு மழுங்கி இருந்தாலும் அப்படியே. நெருக்கி அடைத்து வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கத்தான் அலகை வெட்டுவார்கள். மண்ணைக் கிளறிப் பிழைக்கும் கோழிக்கு அலகு இல்லாமல் ஆகாது. கொல்லையில் வளர்ந்த சிறுவிடை என்ற சின்ன உருவ நாட்டுக்கோழிக் கூட்டத்தில் ஒன்று கருப்பு, ஒன்று செவலை, ஒன்று புள்ளி என்று இருக்கும். எடை ஏறவும் மாதக்கணக்கு ஆகும்.

இன்னொரு விஷயம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூண்டில் அடைத்து மூட்டைத் தீவனம் மட்டுமே போட்டு வளர்த்த “நாட்டுக்கோழி”, பிராய்லரை விட ஒரு கிலோ கறிக்கு அதிகத் தீவனம் தின்கிறது. பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஏறிவிடும். ஒரு கிலோ ஏற இரண்டு கிலோவுக்கும் குறைந்த தீவனம் போதும். பண்ணை நாட்டுக்கோழிக்கு மூன்று நான்கு மாதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியென்றால் அது எதற்கு? சிந்திய நெல், கரையான், புழு, சோற்றுப் பருக்கை என்று தானே பொறுக்கித் தின்று வளர்ந்திருந்தால் மட்டும்தான் அதற்குப் பெருமை. கையில் காசு இல்லாத மாதம் பிராய்லரைக் கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது ஊர்ப்பேச்சு. தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதும் தீவனமும்தான் அந்த வேகத்துக்குக் காரணம். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் பற்றி. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின், பண்ணைகளில் தீவனத்தில் கலக்கும் அளவுக்குப் போனது. 2019இல் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்க இந்திய அரசு தடை விதித்தது. எந்தப் பண்ணையில் வாங்கினாலும் “கடைசியா மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். மருந்து உடம்பை விட்டுப் போக எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அட்டையில் போட்டிருக்கும், கால்நடை மருத்துவரும் சொல்வார்.

ஆடு: கிடை வரும் காலத்தில்

இது டெல்டாவுக்கு வாய்த்த பெரிய வசதி. அறுப்பு முடிந்து உளுந்தும் எடுத்த பிறகு, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள், செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் பட்டி. இப்படி அடைப்பதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர் ராத்திரிக் கணக்கில் பணமோ நெல்லோ கொடுப்பார். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வரத் தொடங்கினால் கிடையைக் கிளப்பிவிடுவார்கள். ஜூன் 12 என்பது திறப்புக்கு வழக்கமான தேதி. அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து முன்பின் ஆகும்.

அந்த மூன்று நான்கு மாதம்தான் ஆட்டுக்கறிக்கு நம் பருவம். தாளும் புல்லும் உதிர்ந்த கதிரும் தின்ற ஆடு, போகிற போக்கில் வயலுக்கு எருவும் போட்ட ஆடு. கிடைக்கு விடியற்காலையில், பட்டியைத் திறப்பதற்கு முன்பு போங்கள். ராத்திரி போகாதீர்கள், நாய் இருக்கும். “அண்ணே, கிடா எதுவும் கொடுக்குற மாதிரி இருக்கா?” என்று கேட்டால் போதும். பெட்டையைக் கேட்காதீர்கள், அது அவர் முதல், கொடுக்க மாட்டார். வாங்கும்போது மூக்கு ஒழுகல், நொண்டல், கழிச்சல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செம்மறிக்கு நீலநாக்கு நோய் வரும் காலம். அந்தச் சமயத்தில் மலிவாக வரும் நோஞ்சான் ஆட்டை வாங்காமல் இருப்பது நல்லது. அப்போது எங்கள் வீட்டில் கருவாடும் முட்டையும்தான்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆடு அசைபோடும் பிராணி, வயிற்றிலிருந்து மீத்தேன் விடும். தரிசில் மேய்ந்தது என்பதால் அது நின்றுவிடாது. தண்ணீர் கட்டி நிற்கும் நம் நெல்வயலும் மீத்தேன் விடுகிறது என்பது வேறு கதை. மேய்ச்சல் ஆட்டுக்கறியையும் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பால், தயிர் சாப்பிடும் சைவர்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பால் கறக்கும் மாடு காளைக்கன்றும் போடுகிறது. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் கன்று எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வாத்தும் மீனும்

அறுத்த வயலில் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தால் வாத்துக்கூட்டம் இறங்கும். சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு அடுத்த வயலுக்குப் போகும். முட்டைக்காக வளர்ப்பதால் ஆண் வாத்தும் முட்டை ஓய்ந்த கிழவாத்தும்தான் கறிக்கு வரும். கறி கெட்டி, கொழுப்பும் உண்டு. மிளகைத் தாராளமாகப் போட்டு நிதானமாக வேகவிடுங்கள். முட்டையை நன்றாக அவித்தே சாப்பிடுங்கள். மேய்ந்த வயலில் சமீபத்தில் குருணை மருந்து போட்டார்களா, மருந்து அடித்தார்களா என்று மேய்ப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்கும், அவர் வாத்து சாகுமே.

மீனில் சின்னதாகப் போங்கள். நாகப்பட்டினம் கரையில் இறங்கும் மத்தி, நெத்திலி, சூடை எல்லாம் சீக்கிரம் பெருகுபவை, விலையும் குறைவு, முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீனைத் தேடி அலையாமல் நாட்டுப்படகு மீனையோ, கோடையில் இறைக்கும் குளத்துக் கெண்டை, ரோகு, விராலையோ வாங்கலாம். புதுத்தண்ணீர் வந்ததும் வாய்க்காலில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கொத்தாக மிதந்தால் அடியில் தாய்மீன் காவல் நிற்கும். அப்போது தூண்டில் போடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது நாட்டில் தடை செய்யப்பட்டது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பண்ணை இறால் நான் வாங்குவதில்லை. கரையோர வயல்களிலும் குடிதண்ணீரிலும் உப்பு ஏறுவதை எதிர்த்து நாகப்பட்டினம் பக்கம் நடந்த போராட்டத்தின் நீட்சியாக காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். பிறகு 2005இல் சட்டம் வந்து பண்ணைகள் பதிவோடு நடக்கின்றன. இருந்தாலும் நெல் விளையும் மண்ணுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

பங்குக் கறி

முழு ஆட்டை ஒரு வீடு என்ன செய்யும்? அதற்குத்தான் பங்கு. உயிர் எடை 20 கிலோ உள்ள கிடாவில் எலும்போடு 9, 10 கிலோ கறி தேறும். தெருவில் பத்து வீடு சேர்ந்தால் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அறுக்கத் தெரிந்தவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பங்குதாரர்களில் முஸ்லிம் வீடுகள் இருந்தால் ஹலால் முறையில் அறுக்க ஏற்பாடு செய்துவிடுங்கள், எல்லோரும் சாப்பிடலாம். ஒவ்வொரு பங்கிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாவற்றிலும் ஒரு துண்டு விழ வேண்டும். ஈரல் வராத பங்கு சண்டையில் முடியும். தலை, கால், குடல், சுவரொட்டியை விரும்புகிறவர்கள் தனியாக எடுத்துக்கொள்வார்கள். எதுவும் வீணாகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கால் கிலோ கால் கிலோவாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதக் கறிநாளுக்கு ஆகும்.

கால் கிலோவை நாலு பேருக்கு நீட்டுவது

வறுவல் வைத்தால் கால் கிலோ இரண்டு பேருக்குக் கூடக் காணாது. எலும்பும் கறியும் கலந்த குழம்பாக வையுங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய்ப் பருவத்தில் மாங்காய், எதைப் போட்டாலும் கறியின் சாறு அதில் இறங்கும். சட்டியில் எங்கள் வீட்டுச் சண்டை கறிக்கு இல்லை, அந்த முருங்கைக்காய்க்கு.

இதில் கைதேர்ந்தவர்கள் நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம் வீட்டுக்காரர்கள். அவர்களுடைய தால்சாவைப் பழகிக்கொள்ளுங்கள். 200 கிராம் ஆட்டெலும்பை இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு போட்டு முதலில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். கடலைப்பருப்பும் துவரம்பருப்புமாக ஒரு டம்ளர் தனியாக வெந்து மசிய வேண்டும். பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி தாளித்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கத்தரிக்காய், மாங்காய் சேர்த்து, எலும்பையும் அதன் தண்ணீரையும் பருப்பையும் ஊற்றி, கொஞ்சம் புளி விட்டுக் கொதிக்கவிட்டால் ஆறு பேர் சாப்பிடலாம். தட்டில் இருப்பதில் பெரும்பகுதி பருப்பும் காயும்தான். ஆனால் சாப்பிட்டவரைக் கேட்டால் “கறிச்சோறு” என்றுதான் சொல்வார்.

கருவாடும் இப்படித்தான். ஒரு பிடி நெத்திலிக் கருவாடு ஒரு சட்டி மொச்சை, கத்தரிக்காய்க் குழம்பைத் தூக்கி நிறுத்தும். உப்பு அதிகம் என்பதால் வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு, குழம்பில் உப்பைக் கடைசியில் போடுங்கள்.

உடம்பு பற்றிக் கொஞ்சம்

பி12 வைட்டமின் பயறிலும் காயிலும் கிடையாது. வாரம் ஒரு கறி, இரண்டு முட்டை, சிறுமீன், தினம் தயிர் என்று இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை; சோர்வு, கால் மரத்துப்போவது என்று இருந்தால் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கீரை, பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஏற எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கெடும். கர்ப்பிணிகளுக்கு ஈரலை அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்கள் பயறு, ஈரல் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொல்லை இருந்தால்

இரண்டு சிறுவிடைப் பெட்டையும் ஒரு சேவலும் போதும். அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21ஆம் நாள் பொரிக்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் வளர்க்காதீர்கள். வெயில் ஏறும்போது வந்தால் கூட்டத்தோடு போய்விடும். அரசு கால்நடை மருந்தகத்தில் முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். குஞ்சுக்குத் தீனி வாங்குவதற்கு முன்பு, பழைய மண்பானையில் காய்ந்த சாணியும் ஓலைத்துண்டும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, ராத்திரி கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் பறந்து வரும்.

காக்கை, கீரி, பக்கத்து வீட்டுப் பூனை போக ஓர் அடைக்கு ஐந்து ஆறு குஞ்சு மிஞ்சும். இரண்டு பெட்டையும் வருடத்துக்கு மூன்று தடவை அடை இருந்தால் முப்பது சொச்சம். அதில் பாதி சேவல். எங்கள் கொல்லையில் மாதம் ஒரு சேவல் என்று வந்து நிற்கிறது. பெட்டையை விலைக்குக் கேட்டு வருபவர்களிடம் அம்மா இல்லையென்று சொல்லிவிடுகிறார்.